கைச்சூடு

வீடு பார்க்கத்தான் போனோம். ஆனால் என் வீட்டுக்காரர் வீட்டைப் பார்க்கவே இல்லை.

பின்பக்கத்து ஷெட்டின் பூட்டை வீட்டுக்கார அக்கா திறந்துவிட்டதும், மூலையில் நின்ற, இரும்பு கடையும் சின்ன லேத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எங்கள் கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா, மழைக்குக் கூரை ஒழுகுமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, இவர் அதன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, காதைக் கிட்டே வைத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரோடதுக்கா?"

"எங்க அண்ணனோடது. அவரு போனதுலேர்ந்து யாரும் தொடல. வேணும்னா நீங்க ஓட்டிக்கங்க. எனக்கு அதைத் தூக்கிப் போடவும் மனசு வரல."

யாரும் தொடாத இரும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. விரலால் தடவினேன். எண்ணெய் ஒட்டியது. பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருக்கும். இது அப்போதுதான் துடைத்துவிட்டது போல வழுக்கியது. அக்காவே அடிக்கடி துடைப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் இவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். இவர் லேத் ஓட்டுவார், நான் அளந்து பார்க்கும் பிரிவில். இவர் செய்த சாமானில் நான் குற்றம் கண்டுபிடித்துத்தான் எங்களுக்குள் பேச்சே ஆரம்பித்தது. தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டிலேயே வேலை எடுத்துச் செய்ய முடிவு செய்தோம். அறுவை சிகிச்சைக்கான கத்தரிகளின் மூட்டில் ஒரு சின்ன எஃகு பின் போகும். அரிசி நீளம்தான் இருக்கும். அந்தப் பின்னைச் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது. தலைமுடியைப் பத்தாகப் பிளந்தால் வரும் அளவுக்குக்கூடத் தப்பு இருக்கக் கூடாது. கத்தரி ஆடினால் அது யாரோ ஒருவருடைய உயிரில் போய் முடியும்.

அந்தப் பின் அளவுக்கு மேல் பருமனாக இருந்தால் கவலையில்லை, மறுபடி லேத்தில் கொடுத்து இன்னும் கொஞ்சம் சீவிவிடலாம். மெலிந்துவிட்டால் அவ்வளவுதான். எடுத்த இரும்பை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. எங்கள் தொழிலின் அரிச்சுவடியே அதுதான்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. கழித்துப் போட்ட சாமானை அப்படியே போட மாட்டோம். உளியை வைத்து அதன் தலையில் ஓர் அடி. வெட்டு விழுந்ததை யாரும் தவறிக்கூட நல்லதோடு சேர்க்க முடியாது. வீட்டில் அந்த உளியை நான் எடுக்கவில்லை. இவருக்கு ஒரு வருஷமாகவே கண் கொஞ்சம் மங்கல், விரலிலும் லேசான நடுக்கம். தினமும் சில பின்கள் மெலிந்துபோயின. ஒவ்வொரு அடிச் சத்தத்துக்கும் இந்த மனுஷன் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? சத்தமில்லாமல் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன்.

அந்த டப்பாவும் ஷெட்டிலேயே இருந்ததுதான்.

குடிவந்து சில நாள் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். நல்ல வெயில். தெருவில் ஈ, காக்கை இல்லை. ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டிக். டிக். டிக்.

பல்லி என்று நினைத்துத் துணியை மடித்தேன். பாதி மடிக்கும்போதுதான் உறைத்தது. மைக்ரோமீட்டர் என்று ஓர் அளவுக் கருவி. பின்னை அதன் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து, வால் பக்கத்துத் திருகைத் திருப்புவோம். தாடை பின்னைத் தொட்டதும் திருகு டிக் டிக் என்று நழுவும். மூன்று டிக் கேட்டால் அளவைப் படிக்கலாம். என் ஆயுசில் பாதியை அந்தச் சத்தத்தோடுதான் கழித்திருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மைக்ரோமீட்டர் அதன் பெட்டிக்குள் இருந்தது. எண்ணெய் வாடையோடு வேறு ஒரு வாடை, வேர்த்த சட்டையின் வாடை. டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

பின்கள் சூடாக இருந்தன.

வெயில் சூடு இல்லை. இவ்வளவு நேரமும் யாரோ ஒருவர் கைக்குள் மூடி வைத்திருந்து, இப்போதுதான் என் கையில் கொடுத்த மாதிரி ஒரு சூடு.

சூடான இரும்பு கொஞ்சம் விரியும், அளவு கூடக் காட்டும். அதனால் ஆறவைத்தேன். ஆறிய பிறகு ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரியான அளவில் இருந்தன. காலையில் என் கையாலேயே கழித்துப் போட்ட பின்கள். மைக்ரோமீட்டரைச் சோதித்தேன், அதில் பழுது இல்லை. என் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டியிருந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று எல்லாவற்றையும் நல்ல பெட்டியில் போட்டேன். அன்று சாயங்காலம் இவர், "இன்னைக்கு ஒண்ணுகூட கழியல பாத்தியா, கை இன்னும் பழைய கைதான்" என்று சிரித்தபோது, அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

என் மாமியார் தன் சின்ன மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். வாரம் தவறாமல் பேசுவார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அவர் கை வளையல்கள் சதைக்குள் புதைந்து கிடக்கும். சோப்புப் போட்டும் கழற்ற முடியாமல், "இது இனி என்னோட சேர்ந்துதான் போகும்" என்று அலுத்துக்கொள்வார். ஒரு நாள் வீடியோவில் மகனைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இவன் என்ன இப்படி வத்திப் போயிருக்கான்? சோறு போடுறியா, இல்ல அளந்து வைக்கிறியா?"

"நல்லாத்தான் சாப்பிடுறாரு அத்த."

"அப்புறம் எங்க போகுது? நான் பத்து மாசம் சுமந்து ஒரு குறையில்லாம முழுசா செஞ்சு குடுத்த புள்ள. நீ குச்சியா ஆக்கி வெச்சிருக்க."

"உங்க சாமான் நல்ல சாமான்தான் அத்த. ஓட்டுறவங்க சரியில்ல" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். பேசி முடித்து இவர் கை கழுவப் போனார். தொட்டியில் ஏதோ விழுந்து உருண்டது.

இவருடைய மோதிரம்.

அது தங்கம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இவரே எஃகுத் துண்டில் கடைந்து செய்தது. விரலின் அளவை எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த எண் எனக்கு என் பெயர் மாதிரி. இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூடக் கழன்றதில்லை.

அதன் பிறகுதான் எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே வந்தது. செருப்பு பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. "இந்த லேம்ப்பை ஏன் மேல தூக்கி மாட்டின?" என்று என்னைக் கேட்டார். நான் அதைத் தொடவே இல்லை. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், எதிலும் கோளாறு இல்லை. உடம்பு இளைத்தால் கன்னம் ஒட்டும், எலும்பு தெரியும். இவருக்கு அப்படி இல்லை. அதே முகம், அதே கை. எல்லாமே ஒரு சுற்றுச் சின்னதாக.

விரலை நீட்டச் சொல்லித் தினமும் காலையும் மாலையும் அளக்க ஆரம்பித்தேன். "இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்னு எனக்கும் டாலரன்ஸ் இருக்கா?" என்று கிண்டல் செய்தார். நிறையப் பின்கள் மெலிந்துபோன நாளில் விரல் அதிகம் குறைந்தது. ஒன்றோ இரண்டோ போன நாளில் கொஞ்சமாகக் குறைந்தது. எல்லாம் சரியாக வந்த ஒரே ஒரு நாளில், குறையவே இல்லை.

இரும்பு எங்கிருந்தோ வர வேண்டுமல்லவா? பின்னைச் செய்தது யாரோ, அவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. செய்தவர் விட்ட குறையைச் செய்தவரிடமே வசூலிக்கும் ஏதோ ஒன்று அந்த ஷெட்டில் இருந்தது. நான் ஒவ்வொன்றையும் சரி என்று நல்ல பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அக்காவைச் சுவரோரம் நிறுத்திக் கேட்டேன். "உங்க அண்ணன் எப்படிக்கா போனாரு?"

"ஒரு வியாதியும் இல்லம்மா. சின்னதாகிக்கிட்டே வந்தாரு. கடைசியில தூக்கினவங்க, குழந்தையத் தூக்குற மாதிரி இருந்துச்சுன்னாங்க. எதையும் வேஸ்ட்டுன்னு ஒதுக்க மாட்டாரு. கெட்டுப்போனதயும் சரி பண்ணிடலாம், சரி பண்ணிடலாம்னு அங்கயே உக்காந்திருப்பாரு." குரலைத் தாழ்த்தினாள். "நான் அந்த லேத்தைத் துடைக்கிறதே இல்ல. நீங்க துடைக்கிறீங்களா?"

அன்று மத்தியானம் ஷெட்டைப் பூட்டிவிட்டுக் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன்.

உள்ளே இருட்டு. கூரை ஓட்டை வழியாக ஒரு வெளிச்சக் கற்றை மேசை மேல் விழுந்தது. அதில் தூசு மிதந்துகொண்டிருந்தது. மேசைக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் தூசு இல்லை.

ஓர் ஆள் அகலத்துக்கு.

டப்பாவின் மூடி திறந்தது. ஒரு பின் மேலே வந்தது. மைக்ரோமீட்டரின் திருகு தானாகச் சுற்றியது.

டிக். டிக். டிக்.

அப்புறம் பின் மறைந்துபோனது. கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டால் எப்படி மறையுமோ, அப்படி. அதே நேரத்தில் வீட்டுக்குள் தூக்கத்திலிருந்த இவர், யாரோ எதையோ பிடுங்கியது போல "ம்ம்" என்று முனகினார்.

உடனே கதவைத் திறந்தேன். உளியைத் தேடி எடுத்து, அன்று கழிந்த பின்கள் எல்லாவற்றின் தலையிலும் அடித்தேன். வாசலில் வந்து நின்ற இவர் முகம் ஒவ்வோர் அடிக்கும் சுருங்கியது. மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு பார்த்தால், டப்பாவில் ஒரு வெட்டுக்கூட இல்லை. ஆறாத சூட்டோடு பளபளவென்று கிடந்தன. சாயங்காலம் இவரால் லேத்தின் கைப்பிடியைத் திருப்ப முடியவில்லை.

அன்றே டப்பாவைக் கொண்டுபோய் ஆற்றில் வீசினேன். லேத்தின் ஒயரைப் பிடுங்கினேன். வேலையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தோம். குறைவது நின்றது. ஆனால் குறைந்தது குறைந்ததுதான். இவர் நடந்தால் காலடிச் சத்தம் கேட்காது. மெத்தையில் படுத்தால் பள்ளம் விழாது. மின்விசிறியை வேகமாக வைத்தால், "கொஞ்சம் குறைச்சு வை" என்பார். ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இந்த மனுஷனை இப்படியே கரையவிட்டு வேடிக்கை பார்க்க நான் பிறக்கவில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டைக் காலி செய்ய எல்லாம் மூட்டை கட்டிய நாளில், பழைய தொழிற்சாலைச் சாமான்களுக்கு நடுவே ஒரு சிவப்புச் சீட்டு கையில் கிடைத்தது. கழித்த சாமான் பெரிதாக இருந்தால், உளி அடிப்பதற்குப் பதிலாக நூல் கோத்துக் கட்டும் சீட்டு.

மெலிந்துபோனதைச் சரி பண்ணாமல் அது விடாது.

"என்னங்க, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றேன். சொன்னேன். இவர் சிரிக்கவில்லை.

"அது யார்கிட்டேருந்து எடுக்கும்?"

"சீட்டுக் கட்டுறது நான். என்கிட்டேருந்துதான் எடுக்கும். எடுக்கட்டும், என்கிட்ட கொள்ளை கொள்ளையா இருக்கு."

"வேண்டாம்டி."

"நீங்க பேசாதீங்க. கழிச்சுப் போட்ட சாமான் பேசாது."

ஷெட்டில், டப்பா இருந்த மேசைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கவைத்தேன். மணிக்கட்டில் சீட்டைக் கட்டினேன். அதில் 'அளவு குறைவு' என்று எழுதும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கடைசியில என்னையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?" என்றார் மெதுவாக. அந்தத் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, என் விரலை அளந்து எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வெயிலில் உட்கார்ந்தேன்.

தெருவில் சத்தமே இல்லை.

டிக்.

என் முதுகு கதவோடு ஒட்டிப்போனது.

டிக். டிக்.

அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வேர்வை வாடை மட்டும் கதவு இடுக்கு வழியாக வந்தது. அப்புறம், உள்ளே பாயில் கனமான ஓர் உடம்பு புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

பூட்டைத் திறந்தேன். இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பழைய தோள், பழைய கழுத்து. தொட்டால் அனல் போலக் கொதித்தது. விரலில் மோதிரத்தை மாட்டினேன், பழையபடி இறுக்கிப் பிடித்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எலும்பு நொறுங்குதுடி" என்றார். நொறுங்கவில்லை. பிறகு என் விரலை அளந்தேன். ஒரு தடவை, இன்னொரு தடவை. ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அக்காவின் அண்ணன், அந்தப் புண்ணியவான், கடைசி வேலையைச் சும்மாவே செய்து கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். லேத் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தேன்.

மறுநாள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊரின் அடுத்த கோடி, மாடி வீடு, ஷெட் கிடையாது. இவர் தடதடவென்று படி ஏறி இறங்கினார். அந்தத் தடதடப்பைக் கேட்டுக்கொண்டு சாமான்களை அடுக்குவதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்க எம்புள்ள? எப்படி இருக்கான்?"

"பழையபடி ஆயிட்டாரு அத்த. நீங்க செஞ்சு குடுத்த மாதிரியே."

"நான் சொல்லல? என் சாமான் எங்க போகும்." குரலில் அப்படி ஒரு குதூகலம். "இங்க ஒரு அதிசயம் கேளு. நேத்து மத்தியானம் சும்மா படுத்திருந்தேன். எழுந்து பாக்குறேன், என் வளையல் பாய்ல கிடக்குது. சோப்பு இல்ல, எண்ணெய் இல்ல, தானா கழண்டிருக்கு. மோதிரமும் அப்படித்தான். உன் கொழுந்தன், அம்மா நீ உயரமே குறைஞ்ச மாதிரி இருக்கேங்கிறான். எத்தனை வருஷமா இளைக்கணும் இளைக்கணும்னு கிடந்தேன். ஒரே நாள்ல இளைச்சுட்டேன் பாரேன்."

மாடிப்படியில் இவர் காலடி தடதடவென்று ஏறி வந்துகொண்டிருந்தது.

இவரைச் செய்தவர் அவர்தானே.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்போது அவர் மூச்சுக்குப் பின்னால், அந்த வீட்டுக்குள் எங்கேயோ, அது கேட்டது.

"அத்த, அது என்ன சத்தம்?"

"எது, இந்த டிக் டிக்கா? நேத்து மத்தியானத்துலேர்ந்து கேக்குது. பல்லியாத்தான் இருக்கும்" என்றார். "தேடித் தேடிப் பாத்துட்டேன், கண்ணுல பட மாட்டேங்குது."